இலையில் ஓட்டை விழட்டும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டத்துக்குப் பறவையும் பட்டாம்பூச்சியும் மற்ற சிற்றுயிர்களும் வருடம் முழுக்க வந்துபோக என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு செடிப் பட்டியல் கிடைக்கும் என்று சிலர் தாளும் பேனாவுமாக வந்திருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. பட்டியல் தருகிறேன். அதற்கு முன் ஒரு நிபந்தனை: உங்கள் தோட்டத்து இலைகளில் ஓட்டை விழும். சில கிளைகள் மொட்டையாகும். அதைப் பார்த்ததும் மருந்தடிக்கிற பம்பைத் தேடுகிறவர்கள் இப்போதே எழுந்து வெளியே போய்க் காபி குடிக்கலாம். காபி நன்றாகத்தான் இருக்கிறது, நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

யாரும் எழவில்லை. நல்லது.

நர்சரிக்குப் போனால் நமக்கு என்ன தருகிறார்கள்? குரோட்டன்ஸ், அரேலியா, அலங்காரப் பனை, கொரியன் புல். எல்லாம் பச்சையாக, பளபளப்பாக இருக்கும். ‘பூச்சியே வராது சார்’ என்று உத்தரவாதமும் தருவார்கள். உண்மைதான், அவற்றில் பெரும்பாலானவற்றை நம்மூர்ப் பூச்சிகளுக்குத் தின்னத் தெரியாது. எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்பது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். எருக்கு தின்னும் புழு எருக்கங்குடும்பத்தைத் தாண்டாது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்னும் புழு அந்த உறவுமுறைக்குள்ளேயே நிற்கும். கடல் கடந்து வந்த குரோட்டன்ஸ் இலை நமக்குக் கண்காட்சி. ஒரு தையல்சிட்டுக்கு அது சோறே போடாத பந்தி.

ஏன் தையல்சிட்டு என்கிறேன் என்றால், புழு இல்லாமல் குஞ்சு இல்லை. தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியுமாகத்தான் ஊட்டும். தேன் குடிக்கிற தேன்சிட்டு குஞ்சுக்குச் சிலந்தியைப் பிடித்துக்கொண்டு பறக்கும். கடன் வாங்கிவந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள், எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையில் நாம் எப்போதும் பாரதியார் கட்சி. குருவிக் குஞ்சின் வயிற்றைக் கேட்டால் அவர் மனைவி செல்லம்மாள் பக்கமும் நியாயம் இருந்திருக்கிறது என்றுதான் சொல்லும். பெரிய குருவிக்கு அரிசி போதும். குஞ்சுக்கு வேண்டியது பூச்சி. அது கொல்லையில் இருக்கும் செடியிலிருந்துதான் வரவேண்டும்.

எனவே கறிவேப்பிலையிலிருந்து தொடங்குகிறேன். இந்த அவையில் கறிவேப்பிலைச் செடி இல்லாத வீடு குறைவு. கொழுந்து விடும் பருவத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்கு அதன் அருகே நின்று பாருங்கள். கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட பட்டாம்பூச்சி ஒன்று வந்து ஒவ்வொரு கொழுந்தாகக் காலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். கறிவேப்பிலை அழகி. தொடுவது சும்மா அல்ல, காலில்தான் அதற்குச் சுவை அறியும் உறுப்பு. இது நம்ம செடிதான் என்று உறுதியானதும் வயிற்றை வளைத்து ஒரு முட்டை, கடுகளவுகூட இல்லாத வெளிர்மஞ்சள் உருண்டை. ஒரு கொழுந்தில் பெரும்பாலும் ஒன்றுதான். அடுத்த முட்டைக்கு அடுத்த கிளை.

சில நாளில் புழு வெளியே வரும். முதலில் பழுப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று, அசல் பறவை எச்சம். இலைமேல் பட்டப்பகலில் படுத்திருக்கும். குருவி பார்த்தாலும் தன் வேலைதான் என்று நினைத்துப் போய்விடும். வளர வளரத் தோல் உரித்து, கடைசியில் இலைப்பச்சைக்கு மாறும். அப்போது விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு சட்டென்று நீளும், கூடவே ஒரு காட்டமான வாடை. எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு. நம்மை ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய வேடிக்கை கிடைக்காது. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை நம் வெயிலுக்கு ஒரு மாதம் போதும். அதற்குள் நீங்கள் இழப்பது ரசத்துக்குச் சில ஆர்க்கு. எலுமிச்சைச் செடியில் இதே நாடகத்தை எலுமிச்சை அழகி நடத்தும்.

இந்தக் கறிவேப்பிலை அழகியிடம் இன்னொரு சூழ்ச்சி உண்டு. அதன் பெண்களில் ஒரு பகுதி ஆணைப்போல இருக்கும். மற்றவை அச்சு அசலாக வேறு இரண்டு இனங்களைப்போல வேடம் போடும், ஒன்று ரோஜா அழகி, இன்னொன்று சிவப்புடல் அழகி. அந்த இரண்டும் நஞ்சுள்ளவை. ஒரு முறை கடித்த பறவை மறுமுறை தொடாது. நஞ்சு அவற்றின் சொந்தச் சரக்கல்ல. புழுப் பருவத்தில் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று சேர்த்துக்கொண்டது. ஆடுதீண்டாப்பாளையும் அதே குடும்பந்தான். ஆக, வேலியோரம் ஒரு ஈஸ்வரமூலிக் கொடி ஏறினால் அசலும் வரும், நகலும் வரும். பட்டாம்பூச்சிக்காக நான் ஒரே ஒரு கொடிதான் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைப்பேன். ஒரு எச்சரிக்கை: மூலிகையாயிற்றே என்று அதைக் கசாயம் போட்டுவிடாதீர்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இருக்கிறது. அது புழுவின் சாப்பாடு, அதற்கே விட்டுவிடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எருக்குக்கு வெந்தய வரியன் வரும். அரளிக்கு வெண்புள்ளிக் கறுப்பன். சரக்கொன்றைக்குக் கொன்னை வெள்ளையன். ஆமணக்குக்கும் நெட்டிலிங்கத்துக்கும் மாமரத்துக்கும்கூடத் தனித்தனிப் பட்டாம்பூச்சி உண்டு. தானாக முளைக்கும் தும்பையையும் வெட்டுக்காயப்பூண்டையும் களை என்று பிடுங்காதீர்கள், சிறிய பட்டாம்பூச்சிகளுக்குத் தேன்கடை அவைதான். செம்பருத்தி வைத்தால் ஒற்றைச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தியில் இதழ் கூட்டத்துக்குள் அலகு நுழைய வழியில்லை. தமிழ் மறவன் வருமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். 2019இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அதுதான். அது மலைக்காட்டுப் பிராணி ஐயா, சமவெளித் தோட்டத்துக்கு எதிர்பார்க்காதீர்கள்.

இனி மாதக் கணக்கு. ‘வருடம் முழுக்க’ என்ற சொல்தான் இந்தத் தலைப்பில் கடினமானது. மார்கழி, தையில் யார் தோட்டத்துக்கும் பட்டாம்பூச்சி வரும், அதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

சித்திரை, வைகாசியில் உணவைவிடத் தண்ணீர் முக்கியம். அகலமான மண்தட்டு வையுங்கள். இரண்டு அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல். ஆழமான பிளாஸ்டிக் டப்பாவில் குருவி குளிக்காது, மூழ்கும். தட்டைப் புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். புதரே இல்லாத வெட்டவெளியில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து எதுவும் இறங்காது. ஆறேழு அடி தள்ளி, மேலே ஒரு கிளை இருக்கும்படி வைப்பதே சரி. கொசு வருமே என்பீர்கள். வரும், நீங்கள் சோம்பேறியாக இருந்தால். டெங்குக் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தினமும் தண்ணீர் மாற்றுகிற தட்டில் அதற்கு அவகாசம் இல்லை. ஆனால் ஊற்றிவிட்டு நிரப்பினால் மட்டும் போதாது. அதன் முட்டை தட்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்துவிடுங்கள்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம். இதற்காக நாம் எதுவும் செய்ய வேண்டாம், வேம்பை வெட்டாமல் இருந்தால் போதும். மைனா, குயில், சின்னான் என்று விடிகாலையிலேயே கூட்டம் சேரும். கறிவேப்பிலையை மொட்டையடித்துக்கொண்டே இராமல் ஒரு செடியை மரமாக விட்டால் அதன் கறும்பழத்துக்கும் குயில் வரும். இடம் இருந்தால் அத்திக் குடும்பத்து மரம் ஒன்று. குக்குறுவானுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. இடமும் இல்லை, பொறுமையும் இல்லை என்றால் தேன்பழ மரம். வெளிநாட்டு மரந்தான், என் கொள்கைக்குக் கொஞ்சம் இடிக்கும். ஆனாலும் இரண்டு மூன்று ஆண்டில் நிழல் தந்து, ஏறக்குறைய எல்லா மாதமும் பழுத்து, பகலில் பூக்கொத்திக்கும் அணிலுக்கும் இரவில் வௌவாலுக்கும் பந்தி வைக்கிற மரத்தை எப்படி வேண்டாம் என்பது?

புரட்டாசி பிறந்ததும் தலைக்கு மேலே தட்டான் கூட்டம். அதே காலத்தில் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கறுப்பன் எல்லாம் கிழக்குச் சமவெளிகளிலிருந்தும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் மேற்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தின வலசை அது. போகிற வழியில் அவற்றை இறக்குவதற்கு ஒரு மந்திரம் இருக்கிறது: கிலுகிலுப்பை. சணப்பையும் அந்த இனந்தான். பசுந்தாள் உரத்துக்கு விதைப்பது, உழவர் கடைகளில் விதை கிடைக்கும். இந்தச் செடிகளிலிருந்து ஒரு வேதிப்பொருளை ஆண் பட்டாம்பூச்சிகள் உறிஞ்சித் தங்கள் காதல் வாசனையைத் தயாரித்துக்கொள்கின்றன. அதனால் பூவைவிட, வாடிக் காய்ந்த இலையிலும் கீறல் பட்ட தண்டிலும்தான் மொய்க்கும். ஆவணியில் ஒரு பிடி விதைத்து, செடி காய்ந்ததும் பிடுங்கி எறியாமல் நிற்கவிடுங்கள். ஒரே செடியில் இருபது முப்பது தொங்குவதைப் பார்க்கலாம். காய்ந்த செடி அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் குரல் எழும். சமாளித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தோட்டத்தின் முதலாளி தவளை. தண்ணீர்த் தொட்டிச் சுவரின் உட்புறத்தில் நுரைக்கட்டி ஒன்று ஒட்டியிருந்தால் குச்சியால் தள்ளிவிடாதீர்கள். மரத்தவளையின் கூடு அது. உள்ளே முட்டை இருக்கும். பொரிந்ததும் தலைப்பிரட்டை நேராகத் தண்ணீரில் விழும், அதற்காகத்தான் தண்ணீருக்கு மேலே கட்டுகிறது. இதே பருவத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கொள்ளும். தீப்பந்தம் வைத்துப் பொசுக்குவது நம் மரபு. வாசலோரத்து மரமானால், பிள்ளைகளுக்கு அரிப்பு வரும், உங்களைக் குறை சொல்லமாட்டேன். கொல்லைக் கோடியில் என்றால் கொஞ்சம் பொறுங்கள். மற்றப் பறவைகள் ஒதுங்கும் இந்த மயிர்ப்புழுவைக் குயிலினப் பறவைகள் விரும்பித் தின்னும். கறுப்பு வெள்ளைச் சட்டை போட்ட சுடலைக்குயிலைப் பார்க்க எங்கெங்கோ போகிறவர்கள் உண்டு. உங்கள் முருங்கைக்கே அது வரலாம்.

மார்கழி, தையை விட்டுவிடுகிறேன். மாசி, பங்குனி கூடு கட்டும் காலம். இலையுதிர்ந்து தோட்டம் வறண்டு தெரியும், ஆனால் வேலை மும்முரமாக நடக்கும். குக்குறுவான் பட்டுப்போன கிளையில்தான் பொந்து தோண்டும், பச்சை மரத்தைத் துளைக்க அதன் அலகுக்கு வலு போதாது. முருங்கையில் ஒரு காய்ந்த கிளை நின்றால், தலையில் விழாத இடமானால், விட்டுவையுங்கள். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு தன் தொங்கு கூட்டை ஒட்டடையால் கட்டி, வெளியே பட்டைத் துணுக்கும் புழு எச்சமும் ஒட்டி, குப்பை தொங்குகிற மாதிரி செய்துவைக்கும். ஒட்டடை இல்லாத வீட்டில் அதற்குக் கட்டுமானப் பொருள் இல்லை. வரவேற்பறையில் அடியுங்கள், கார் ஷெட்டில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது சருகுக்கு வருகிறேன். இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: சருகைக் கொளுத்தாதீர்கள்.

ஐப்பசி வாக்கில், மழை தொடங்கும் நாட்களில், அதிகாலையிலும் அந்தி சாய்கிறபோதும் தோட்ட மூலையிலிருந்து இரண்டு எழுத்து விசில் ஒன்று கேட்கும். தோட்டக்கள்ளன். தெற்குச் சீமையில் ஆறுமணிக்குருவி என்பார்கள். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணில் மைப்பட்டை, வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குட்டை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவோடு இரவாகப் பறந்து குளிர்காலத்துக்கு நம்மிடம் வருகிறது. களைத்துப் போய் ஜன்னல் கண்ணாடியில் மோதி வீட்டுக்குள்ளேயே விழுவதும் உண்டு. இத்தனை அலங்காரத்தோடு பிறந்துவிட்டு அது செய்கிற வேலை, குப்பை கிளறுவது. ஒரு சருகைப் புரட்டும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், மண்புழுவையோ வண்டையோ இழுக்கும், இரண்டு தத்து தத்தி அடுத்த சருகு. சிமென்ட் தளத்திலும் கொரியன் புல்லிலும் அதற்குச் செய்ய ஒன்றுமே இல்லை.

சருகுக்கு வருகிற இன்னொருவர் உள்ளூர்க்காரர், தவிட்டுக்குருவி. ஆறேழு பேராகக் கூச்சலும் சண்டையுமாக வருவார்கள். தினமும் பார்ப்பதால் மதிப்பதில்லை. நம் வீடுகளில் சுற்றும் மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்கள் விமானம் ஏறி வந்து குறித்துக்கொண்டு போகிற பறவை நம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறது.

மாமரத்தடியோ பலாவடியோ, பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். அங்கே துடைப்பம் போகக்கூடாது. விழுந்த இலை விழுந்தபடி கிடக்கட்டும். அரணை வரும், தேரை வரும், மழைக்காலத்தில் மின்மினிப் புழு நத்தையைத் தேடி வரும். பாம்பு வராதா? வரலாம். ஆனால் பாம்பைக் கூப்பிடுவது சருகைவிட எலி. எலியைக் கூப்பிடுவது சிந்திய சோறும், அடுக்கிவைத்த செங்கலும், பழைய சாமானும். அவற்றை வீட்டுச் சுவரோரம் சேர்க்காதீர்கள். சருகு மூலையை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். இருட்டில் போனால் டார்ச்சோடு, செருப்போடு போங்கள். கொல்லையில் தெரிகிற பாம்பு பெரும்பாலும் சாரைதான், அது எலி பிடிக்க வந்தது. எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் கம்பை எடுக்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மின்மினி என்றதும் விளக்கு ஞாபகம் வருகிறது. இரவு முழுக்க எரிகிற வெள்ளை எல்இடி தோட்டத்தில் பாதியை வீணாக்கிவிடும். ஒளிவிட்டுத் துணை தேடும் மின்மினிக்கு ஃப்ளட்லைட்டுக்குக் கீழே வாழ்க்கை இல்லை. நந்தியாவட்டைக்கும் பவழமல்லிக்கும் வரவேண்டிய இரவுப்பூச்சிகள் பல்பைச் சுற்றியே செத்து விழும். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது. முட்டை பொரிந்து குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நாம் கேட் விளக்கைப் பத்து மணிக்கு அணைப்பதற்கு யோசிக்கிறோம்.

மொட்டை மாடியும் பால்கனியும் மட்டும் உள்ளவர்கள் சங்கடத்தோடு பார்க்கிறீர்கள். பெரிய தொட்டியில் எலுமிச்சை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, கம்பிக்கு ஈஸ்வரமூலி, ஒரு துளசி, ஒற்றைச் செம்பருத்தி, தண்ணீர்த் தட்டு. இவ்வளவு போதும், மாடிக்கும் அழகிகள் வரும். வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் புழுவைக் கொல்வதற்காக அடிப்பதுதான்.

சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. ‘மார்ச் 20, சிட்டுக்குருவி நாளில் இலவசமாகக் கொடுத்த மரப்பெட்டியை மாட்டினேன். ஒரு வருடமாகியும் குருவி வரவில்லை.’ அம்மா, முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள். ஒன்றேகால் அங்குலம் சரியான அளவு. அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். உயரம் எட்டு பத்தடி, நேர் வெயில் படாத சுவர், பூனை ஏற முடியாத இடம். சிட்டுக்குருவி தனியாகக் குடியேறாது, அக்கம்பக்கம் வேண்டும். ஒன்றுக்கு மூன்று பெட்டியாகச் சற்றுத் தள்ளித் தள்ளி மாட்டுங்கள். அருகே உட்கார அடர்த்தியான ஒரு புதர், மருதாணியானாலும் சரி. புரண்டு குளிக்கக் கொஞ்சம் வெறும் புழுதி. சுற்று வட்டாரத்தில் எங்குமே குருவி இல்லை என்றால் பெட்டி மட்டும் அதை வரவழைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது என்றால் தை கடைசிக்குள் பெட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டிவிடுங்கள். அதற்குள் அணில் நார் திணித்துக் குட்டி போட்டிருந்தால் கலைக்க வேண்டாம், அது போகட்டும். நான்காவதாக ஒரு பெட்டி வாங்குங்கள்.

அடுத்த சீட்டு?